சொந்தக் கை விதி

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று ஈரோட்டில், சங்கத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னால், மகுடபதி தன் கிரேனைத் தானே கட்டவில்லை என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் அவன் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். கை நடுங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். ஓசூரிலிருந்து வந்திருந்த அவன் மகள் தமயந்தியும் பார்த்தாள்.

கையைத் தூக்கியது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். சொன்னது தப்பில்லை.

பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக விவரமாக எழுதுகிறேன். நானும் மகுடபதியும் பிளாஸ்டிக் கட்டைகளில் வண்டி கட்டுகிறவர்கள். குழந்தை விளையாட்டு என்று சிரிப்பவர்கள் ஒரு பெட்டியை வாங்கி, ஒரே ஒரு கியர்பாக்ஸைக் கட்டிப் பார்க்கட்டும். நான் போர்வெல் ரிக் வண்டி வைத்துப் பிழைத்தவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஹைட்ராலிக் வேலை முழுவதும் கண்ணால் பார்த்துக் கற்றது. ரிக்கை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பேரன் அரைகுறையாக விட்டுப்போன ஜீப்பை எடுத்து முடித்தேன். அப்படி ஆரம்பித்தது. மகுடபதி கூட்டுறவு பண்டகசாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு திருச்செங்கோட்டில் தனியாக இருக்கிறான். ஒரு நாள் வந்து ஜீப்பைப் பார்த்தான். மறுவாரமே அவனும் ஒரு பெட்டி வாங்கினான்.

சங்கத்து வாட்ஸ்அப் குழுவின் பெயர் கொங்கு பிரிக்ஸ். மாதத்துக்கு ஒருவராவது போன் செய்து ஒரு லோடு செங்கல் என்ன விலை என்று கேட்பார்கள். அங்கே ஜோடி ஒப்பீடு என்று ஒன்று உண்டு. ஒரே பெட்டியை இரண்டு பேர் அவரவர் வீட்டில் கட்டி, ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். எண் போட்ட பைகளில் அதே பாகங்கள், கட்டும் முறை சொல்லும் அதே புத்தகம். வித்தியாசம் இருந்தால் அது கையின் வித்தியாசம்தான். அதனால் முதல் விதி, சொந்தக் கை. பாகங்களை இணைக்கும் ஒரு பின்னைக்கூட வேறு யாரும் சொருகியிருக்கக் கூடாது.

இந்த முறை ஆறு அச்சு மொபைல் கிரேன். நானும் அவனும் ஜோடி. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தூக்கச் சொன்னார்கள். என் கிரேன் டக் டக் என்று கியர் நழுவித் தூக்கியது. பாகத்தில் ஏதோ கோளாறு. அவனுடையது சத்தமில்லாமல் தூக்கியது, சுற்றியது, இறக்கியது. செயலாளர் நிஷாந்த் மகுடபதியின் பெயரை அறிவித்தான். அப்போதுதான் எழுந்தேன்.

"இந்தக் கை கட்டுன கிரேனா இது? டீ டம்ளர் புடிக்க முடியாத கை. பொங்கலுக்கு மக வந்திருந்தா. அவதான் கட்டிக் குடுத்திருப்பா."

மகுடபதி சொன்னது இவ்வளவுதான்: "விடு அர்த்தநாரி. எல்லாரும் பாக்கறாங்க."

நான்தான் கட்டினேன் என்று அவன் சொல்லவில்லை. நிஷாந்த் கேடயத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். சொந்தமாகக் கட்டியவனாக இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?

பிப்ரவரி 10, செவ்வாய்

சம்பூரணம் பேசவில்லை. தோசையை வைத்துவிட்டுச் சட்னியை மறந்தவள் போலப் போய்விட்டாள். கல்யாணமான நாள் முதலாக அவள் எதையும் மறந்ததில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் மொட்டைமாடித் தொட்டி கழுவினேன். மிதவை வால்வு மாற்ற வேண்டும்.

நிஷாந்த் போன் செய்தான். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மரியாதையான பையன்தான், ஆனால் எதற்கும் கமிட்டி என்பான்.

"ஐயா, புகார்னு வந்துட்டா விசாரிக்கணும்ங்க. மக கட்டுனத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? எனக்குத் தெரியும்."

"அப்படி எழுத முடியாதுங்க ஐயா. கிரேனப் பிரிச்சுப் பாக்கலாம்னு கமிட்டியில பேசினோம். ரெண்டு பேரு கட்டியிருந்தா கை மாறுனது உள்ள தெரியும்ல? மகுடபதி ஐயாகிட்டக் கேட்டேன். அர்த்தநாரியே பிரிக்கட்டும்னு சொல்லிட்டாரு."

"நானா?"

"உங்களத் தவிர வேற யாரும் தொடக் கூடாதாம்."

திமிரைப் பார்த்தேன். சரி என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தமயந்தி கிரேனைக் கொண்டுவந்தாள். வாழைப்பழ அட்டைப்பெட்டியில், பழைய வேட்டி சுற்றி வைத்திருந்தது. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினாள்.

"நான் ஒரு கட்டையக்கூடத் தொடல பெரிப்பா."

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சேலத்துல டாக்டரப் பாத்தோம். நரம்பு சம்பந்தப்பட்டதுதானாம். இனிமே தனியா விட முடியாதுங். இருவத்தெட்டாந்தேதி ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன். வீட்ட வாடகைக்கு விட்டாச்சு. எங்க அபார்ட்மென்ட்ல இதுக்கெல்லாம் எடமில்ல. பிரிச்சுப் பாத்துட்டு நீங்களே வெச்சுக்கோங்."

"உங்கப்பன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்றதில்ல. செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காரு." வாசல்வரை போய்த் திரும்பினாள். "கை நடுங்கறது உங்களுக்கு எப்பிருந்து தெரியுமுங்?"

"போன ஆடியிலிருந்து."

"எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்ல? எங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்ததக் கொண்டுபோயி அத்தன பேருக்குச் சொன்னீங்க."

கார் போன பிறகும் சம்பூரணம் வாசலிலேயே நின்றாள். தமயந்திக்குக் கொடுக்க எடுத்துவைத்த முருங்கைக்காய்க் கட்டு கையிலேயே இருந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

பிரிக்கத் தொடங்கினேன். பிரிப்பது கட்டுவதைவிடக் கவனமான வேலை. புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும்.

கிரேனின் கையைக் கழற்றியதும் முதல் பின்னிலேயே கண்டுபிடித்தேன். பல் தடம். கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகத் தெரிகிறது. இறுகிய பாகத்தைக் கழற்றப் பல்லால் கடிப்பது எங்கள் ஆட்கள் செய்யவே கூடாத காரியம். புதிதாக வருகிறவனுக்கு நாங்கள் சொல்லும் முதல் புத்தி அதுதான். ஒப்பீட்டில் அதற்கு ஐந்து மதிப்பெண் போகும். மேலே பார்த்தால் தெரியாது, சொருகிய பிறகு உள்ளே மறைந்துவிடும். எத்தனையை மறைத்திருக்கிறானோ. நிஷாந்துக்குச் சொல்ல நல்ல விஷயம் கிடைத்தது என்று நினைத்தேன்.

மதியம் தூங்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

எல்லாவற்றிலும் இருக்கிறது. கியர்பாக்ஸில், சுழல்மேடையில், அச்சுகளில். கழற்றும்போது கடித்தால் தலையில் தடம் விழும். இவை நடுவில், ஓரத்தில், சொருகுவதற்காகப் பிடித்த இடத்தில் விழுந்திருக்கின்றன. மேல் வரிசைத் தடத்தில் ஒரு பல் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மகுடபதிக்கு மேல் முன்பல் ஒன்று பாதிதான். சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டது.

சம்பூரணம் காபி கொண்டுவந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "ஏனுங், பல்லுல எதுக்குக் கடிக்கோணும்?"

"ஓட்டையில நேராப் புடிக்கறதுக்கு."

"கையில புடிச்சா ஆகாதா?"

"கை ஆடாம இருந்தா ஆகும்."

அவள் காபியை மேசைமேல் வைத்தாள். பின்கள் பரப்பிக் கிடந்ததால் டம்ளர் வைக்க இடம் தேடினாள்.

பிப்ரவரி 18, புதன்

பழைய வண்டிகளில் கடிபட்ட பின்களை எடுத்து இதில் போட்டிருக்கலாம். அதற்கும் வாய்ப்பு இருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

வாய்ப்பு இல்லை. இந்தப் பெட்டியில் மட்டும் வருகிற மஞ்சள் நிற நீளப் பாகங்களிலும் அதே தடம்.

இன்று ஒரு காரியம் செய்து பார்த்தேன். அவன் கிரேனின் சின்ன அச்சுக்கூட்டு ஒன்றை வேறு பாகங்கள் வைத்து, வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, இடது கையாலும் பல்லாலும் கட்டினேன். பின் நாக்கில் உருண்டது. எச்சிலில் வழுக்கியது. குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. ஈறில் ரத்தம். சாப்பாட்டு நேரம் தாண்டியும் பாதிதான் ஆனது. அது பெட்டியிலேயே எளிய பகுதி.

அவன் முழு கிரேனையும் இப்படித்தான் கட்டினான். போன ஐப்பசியிலிருந்து தை வரை. நான் வாரம் இரண்டு முறை போன் செய்து, "இன்னும் மூணாவது பையிலயே நிக்கறயா? கல்யாணப் பொண்ணாட்டம் கட்டற" என்று சிரித்தேன்.

ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். கை நடுங்குவதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. போன ஆடியில் அவனே என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். தமயந்திக்குத் தெரிந்தால் கூட்டிப் போய்விடுவாள், சொல்லாதே என்றான். சத்தியம் கேட்கவில்லை. நான் சரி என்று தலையாட்டியது அவனுக்குப் போதுமாக இருந்தது. அந்த ஊரில், அந்த மண்டபத்தில், அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பிப்ரவரி 21, சனி

என் கிரேனையும் திறந்து பார்த்தேன். டக் டக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. தூக்கும் கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன புஷ் போட வேண்டும். கியர் அச்சில் நகராமல் பிடித்துக்கொள்வது அதுதான். நான் போடவில்லை. புத்தகத்தில் படம் மங்கலாக இருக்கிறது என்று எழுத நினைத்தேன். படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ரிக்கில் ஒரு புஷ் விட்டுப்போனதற்காக ஆட்களை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறேன்.

அவன் கிரேனில் அதே இடத்தில் அந்த புஷ் இருந்தது. பல் தடத்தோடு.

பாகத்தில் கோளாறு என்று எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மகுடபதி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மூட்டைகள். தமயந்தி சமையல் கேஸ் கணக்கை முடிக்க வெளியே போயிருந்தாள்.

"வாடா. செருப்பக் கழட்டாத, எல்லாம் குப்பையாக் கெடக்குது."

தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாயில் வந்தது வேறு.

"பின்னு பூராப் பல்லு. அஞ்சு மார்க்குப் போகும்."

அவன் சிரித்தான். "கொறச்சுக்கோ. அப்பவும் நான்தான் ஜெயிச்சிருப்பேன். உன்னுது மழைக்காலத் தவளையாட்டம் கத்துச்சு."

"ஏண்டா அன்னிக்கே சொல்லல? நான்தான் கட்டுனேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். "எப்படிக் கட்டுனேன்னு அடுத்த கேள்வி வருமில்ல? நாயி எலும்பக் கவ்வறாப்பல கவ்விக் கட்டுனேன்னு சொல்றதுக்கு, திருட்டுப்பய மகளக் கட்டவெச்சு ஜெயிச்சான்னு சொல்றது தேவலன்னு தோணுச்சு."

அவிழ்ந்திருந்த ஒரு மூட்டையை இழுத்துக் கட்டினேன்.

"இன்னொண்ணு. வாயில போடறது தமயந்திக்குத் தெரிஞ்சா, முழுங்கிருவேன்னு பயந்துக்குவா. ஒரு பெட்டியக்கூட வீட்டுக்குள்ள விடமாட்டா. இப்ப எடமில்லன்னு மட்டுந்தான் சொல்றா. எடம்னா பேசிப் பாக்கலாம்."

"ஓசூர்ல கட்டுவயா?"

"அங்க வேற என்ன இருக்குது எனக்கு? எட்டாவது மாடியிலிருந்து காரு எண்ணவா?" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "பல்லு சமாசாரம் வெளிய போகக் கூடாது அர்த்தநாரி. ஏற்கனவே ஒண்ணு உங்கிட்டச் சொல்லி வெச்சேன்."

 

பிப்ரவரி 23, திங்கள்

யோசித்துப் பார்த்தால் நான் வசமாகத்தான் மாட்டியிருக்கிறேன். அவன்தான் கட்டினான் என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி என் மேசைமேல் டப்பா டப்பாவாக இருக்கிறது. சங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். "நான் நினைச்சது தப்பு, பாருங்கள் ஆதாரம்" என்று தலைநிமிர்ந்தே சொல்லலாம். விசாரித்துக் கண்டுபிடித்தவன் என்ற பெயர்கூட எனக்கு வரும்.

அதைத்தான் செய்யக் கூடாது என்கிறான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மிதவை வால்வு மாற்றினேன். தண்ணீர் நின்றது.

கிரேனைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் பின் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்பதுவரை குறித்து வைத்திருக்கிறேன். முதல் அச்சைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. நான் கட்டினால் அது அவன் கட்டிய கிரேன் ஆகாது. மண்டபத்தில் நான் சொன்ன பொய்யை நானே என் கையால் உண்மையாக்கியது போல ஆகும். அச்சைக் கீழே வைத்துவிட்டேன்.

அவன் நான்கு மாதம் கட்டியதை நான் மூன்று நாளில் பிரித்துவிட்டேன். பிரிக்கச் சொன்னது அவன் என்று இங்கே எழுதலாம். எழுதி என்ன ஆகப்போகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் நிஷாந்துக்கு நானே போன் செய்தேன். சம்பூரணம் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றாள்.

"கிரேனப் பிரிச்சுட்டேன். மகுடபதிதான் கட்டியிருக்கான். முழுசும்."

"சந்தோஷம்ங்க ஐயா. உள்ள என்ன பாத்தீங்க? போட்டோ எடுத்தீங்களா? கமிட்டிக்கு அனுப்பணும்."

"போட்டோ கெடையாது."

"எத வெச்சு அவருதான்னு எழுதறதுங்க?"

"எதையும் வெச்சு எழுத வேண்டாம். அவன் கட்டலன்னு நான் பொய் சொன்னேன்னு எழுது."

"தப்பா நெனச்சுட்டேன்னு போட்டுக்கலாமுங்க ஐயா. பொய்னா, நீங்க பெரியவரு..."

"தப்பா நெனக்கல. தோத்துப் போனேன். பொறுக்கல. சொன்னேன்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பொய்ப் புகாருக்கு ஒரு வருடம் விலக்கு என்று விதியில் இருக்கிறதாம். அதைச் சொல்ல அவன் தயங்கினான். அந்த விதியை எழுதச் சொல்லி இரண்டு வருடம் முன்பு சண்டை போட்டது நான்தான் என்று ஞாபகப்படுத்தினேன்.

சம்பூரணம் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

நாளைக் காலை அவர்கள் கிளம்புகிறார்கள். ஆக வேண்டிய காரியங்களை எழுதிவைக்கிறேன்.

நான்: மார்ச் எட்டாம் தேதிக் கூட்டத்தில் அதே இடத்தில் நின்று, நிஷாந்திடம் சொன்னதைச் சொல்ல வேண்டும். தமயந்தியின் பெயரை இழுத்ததையும் சொல்ல வேண்டும். ஆதாரம் கேட்டால் கிடையாது. யார் சிரித்தாலும் பதில் பேசக் கூடாது. பிறகு வெளியேறி, ஒரு வருடம் அந்தப் பக்கம் போகக் கூடாது. இன்று சாயங்காலத்துக்குள் கிரேன் பாகங்களைப் புத்தக வரிசைப்படி பைகளில் போட்டு, எண் ஒட்டி, நாளை அவர்கள் காரில் ஏற்றத் தயாராக வைக்க வேண்டும். எந்தப் பின்னையும் புதிதாக மாற்றக் கூடாது. தடம் விழுந்தவை அவனுடையவை.

நிஷாந்த்: கேடயத்தை ஓசூருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூரியரில் அனுப்பக் கூடாது. ஜோடி ஒப்பீட்டுக்கு மகுடபதிக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும், என்னைவிட நன்றாகக் கட்டுகிறவனாக.

தமயந்தி: ஒரு மேசைக்கு இடம் ஒதுக்க வேண்டும். கதவு சாத்துகிற அறையாக இருந்தால் நல்லது. அவன் கட்டும்போது உள்ளே போகாமல் இருக்க வேண்டும். இதை அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை.

சம்பூரணம்: அதனால் அவள்தான் கேட்க வேண்டும், நாளைக் காலை, கார் கிளம்புவதற்கு முன்னால். ஏன் உள்ளே போகக் கூடாது என்று தமயந்தி கேட்டால், பெரியவர்களுக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும் என்று சொல்லிவிட வேண்டும். பல் விஷயம் வாயில் வரக் கூடாது என்றேன். "சொல்ற ஆளு நானா, நீங்களா?" என்று கேட்டாள். அதையும் எழுதிவைக்கிறேன்.

மகுடபதி: பைகளைப் பிரிப்பதும் பிரிக்காததும், என் போனை எடுப்பதும் எடுக்காததும் அவன் பாடு. அவன் பெயருக்கு நேரே வேலை எழுத எனக்கு உரிமையில்லை. காலியாக விடுகிறேன்.